கேட்கப்படாத ஒரு கேள்வி: மித்திரபேதக் கதையின் பின்னணி

காட்டில் சிங்கத்துக்கும் எருதுக்கும் இடையே நாளுக்கு நாள் வளர்ந்துவந்த பெரிய நட்பைப் பேராசை பிடித்த கோள்சொல்லி நரி ஒன்று அழித்துவிட்டது என்ற பொருளுடைய செய்யுளோடுதான் பஞ்சதந்திரத்தின் முதல் தந்திரமாகிய மித்திரபேதம், அதாவது நட்பைப் பிரித்தல், தொடங்குகிறது. கெடுத்தவர் யார், கெட்டது எது, கெடுத்ததன் காரணம் என்ன என்ற மூன்றையும் கதை தன் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறது. முடிவைத் தெரிந்துகொண்ட பிறகுதான் நாம் கதைக்குள் நுழைகிறோம். ஆகவே நாம் கவனிக்க வேண்டியது, அது நடந்த விதத்தை மட்டுமே. பள்ளிப் பாடநூல்களிலும் படக்கதைகளிலும் இக்கதை "கோள் சொல்பவரை நம்பாதே" என்ற ஒற்றை அறிவுரையாகச் சுருங்கிவிட்டது. நானும் சிறுவயதில் அப்படித்தான் படித்தேன். முழு வடிவத்தைப் பின்னாளில் படித்தபோது, நரியின் தந்திரத்தைக் காட்டிலும் சிங்கத்தின் அரசவை அமைந்திருந்த விதமே அந்த நட்பைக் கொன்றது என்ற எண்ணம் வலுப்பட்டது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பஞ்சதந்திரத்தின் மூல நூல் நமக்குக் கிடைக்கவில்லை. கி.பி. 300-ஐ ஒட்டிய காலத்தில் அது உருவாகியிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆறாம் நூற்றாண்டில் அது பாரசீகத்துக்குச் சென்றுவிட்டபடியால் அதற்குப் பிந்தியதாக இருக்க வழியில்லை. காஷ்மீரத்தில் வழங்கிய தந்திராக்கியாயிகை, 1199-இல் பூர்ணபத்திரர் என்ற சமணத் துறவி விரித்தெழுதிய பாடம் (நூல் வடிவம்), வங்கத்தில் நாராயணர் இயற்றிய இதோபதேசம் எனப் பல கிளைகளை ஒப்பிட்டே மூலத்தின் உருவத்தை அறிஞர்கள் ஊகித்திருக்கிறார்கள். கிளைக்குக் கிளை உட்கதைகள் கூடியும் குறைந்தும் இருக்கின்றன; ஆயினும் சிங்கம், எருது, நரி என்ற முக்கோணம் எல்லாவற்றிலும் நிற்கிறது.

தென்னாட்டில் மகிளாரோப்பியம் என்ற நகரை ஆண்ட அமரசக்தி என்ற அரசனுக்கு மூன்று மக்கள். மூவருக்கும் படிப்பு ஏறவில்லை. அவர்களை ஆறே மாதத்தில் அரசியல் அறிந்தவர்களாக்கிக் காட்டுவதாக விஷ்ணுசர்மன் என்ற முதிய அந்தணர் வாக்களிக்கிறார். அவர் சொன்ன கதைகளே இந்நூல் என்பது அதன் முகவுரை. அதன் வணக்கச் செய்யுளில் மனு, பிரகஸ்பதி, சுக்கிரன் ஆகியோருடன் சாணக்கியரும் வணங்கப்படுகிறார். இது குழந்தைகளுக்கான நூலாகப் பிறந்ததன்று. நாளை அரியணையில் அமரப்போகும் இளைஞர்களுக்கான நீதிசாத்திரமாகப் பிறந்தது. கேட்பவர்கள் சிங்கமாகப் போகிறவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கதையைப் படித்தால் அதன் ஒவ்வொரு வளைவும் வேறாகத் தெரியும்.

கதை ஒரு வணிகனின் பயணத்தில் தொடங்குகிறது. மகிளாரோப்பியத்திலிருந்து மதுரா நோக்கி வண்டி கட்டிப் புறப்பட்ட வர்த்தமானன் என்ற வணிகனிடம் சஞ்சீவகன், நந்தகன் என்ற இரண்டு எருதுகள் இருந்தன. யமுனைக் கரையை அடைந்தபோது சஞ்சீவகன் சேற்றில் சிக்கிக் கால் ஒடிந்து விழுந்தது. வணிகன் சில நாள் காத்திருந்து பார்த்தான். பிறகு காவலுக்கு ஆட்களை வைத்துவிட்டு மற்றவர்களுடன் நகர்ந்தான். எருது சாகவில்லை. ஆற்றங்கரைக் காற்றும் பசும்புல்லும் அதைத் தேற்றின. சிவபெருமானின் காளையைப் போலத் திமிலும் கொழுப்பும் ஏறி, கரைகளை முட்டி மண்ணைக் கிளறி முழங்கத் தொடங்கியது.

அந்தக் காட்டின் அரசன் பிங்கலகன் என்ற சிங்கம். தாகம் தீர்க்க யமுனைக்கு வந்த அது, அந்த முழக்கத்தைக் கேட்டது. அதுவரை கேட்டறியாத ஒலி. தண்ணீர் குடிக்காமலே திரும்பிச் சென்று, அச்சத்தை முகத்தில் காட்டாமல், ஓர் ஆலமரத்தடியில் தன் பரிவாரங்களைச் சுற்றி வட்டம் வட்டமாக நிறுத்திக்கொண்டு நடுவில் அமர்ந்தது. கதையின் முதல் அரசியல் காட்சி இதுதான்: அரசன் பயந்திருக்கிறான், பயந்திருப்பதை யாரும் அறியக்கூடாது என்று இன்னும் அதிகமாகப் பயந்திருக்கிறான். சுற்றி நின்ற விலங்குகளில் எதுவும் "ஏன் தண்ணீர் குடிக்காமல் வந்தீர்கள்?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்கும் உரிமை அந்த அவையில் யாருக்கும் இல்லை.

கேட்டது ஒரே ஒரு நரி. கரடகன், தமனகன் என்ற இரு நரிகளும் அமைச்சர் குடியில் பிறந்து பதவி இழந்தவை. சிங்கம் தின்று மிஞ்சியதைத் தின்று அரசவையின் ஓரத்தில் வாழ்ந்தவை. தமக்கு வேலையில்லாத இடத்தில் மூக்கை நுழைப்பது தகாது என்பதற்குக் கரடகன் ஆப்பைப் பிடுங்கி மாண்ட குரங்கின் கதையைச் சொல்லித் தடுத்தது. தமனகன் கேட்கவில்லை. அரசனின் முகக்குறிப்பை வைத்தே உள்ளத்தைப் படித்துவிட்ட அது, பணிந்து நெருங்கி, தனிமையில் பேச வாய்ப்பைப் பெற்று, சிங்கத்தின் வாயிலிருந்தே அச்சத்தை ஒப்புக்கொள்ள வைத்தது. பிறகு, போர்க்களத்தில் கிடந்த முரசின் ஒலிக்கு அஞ்சிய நரி கடைசியில் அதைக் கிழித்துப் பார்த்தபோது உள்ளே தோலும் மரமும்தான் இருந்தன என்ற கதையைச் சொல்லித் தேற்றியது.

தமனகனுக்கு அதிகாரம் கிடைத்த கணம் இதுதான் என்பது என் கருத்து. அதற்குப் பதவி பின்னர்தான் வந்தது. அரசனின் பலவீனத்தை அறிந்த ஒரே ஆள் என்ற நிலையை அது அன்றே பெற்றுவிட்டது. பிங்கலகனுக்கே இது தெரியும். தமனகன் எருதைப் பார்க்கச் சென்றவுடன், பதவி பறிக்கப்பட்ட ஒருவனிடம் மனத்தைத் திறந்து காட்டிவிட்டோமே, அவன் பகைவனோடு சேர்ந்துவிட்டால் என்ன ஆவது என்று அது கலங்கி, இருந்த இடத்தைவிட்டு வேறிடம் போய் நின்று வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கலக்கத்தில் உண்மை இருந்தது. ஆனால் எருது நண்பனாக வந்து சேர்ந்தவுடன் அதைச் சிங்கம் மறந்துவிட்டது.

நட்பை உண்டாக்கியதும் நரிதான் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். தமனகன் இருவரிடமும் போய்வந்தது. இருவரிடமும் ஒருவரைப் பற்றி மற்றவரிடம் பெரிதாகச் சொன்னது. சில பாடங்களில், அந்த எருது மகேசுவரனின் ஊர்தி என்றும் இறைவனின் ஆணைப்படி யமுனைக் கரையில் மேய்கிறது என்றும் சிங்கத்திடம் கூறுகிறது. அரசன் அபயம் அளித்துவிட்டான் என்று எருதிடம் உறுதி சொல்லி, உனக்கு அரசனின் அன்பு கிடைத்தபின் என்னோடு இணங்கி நடக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் இடுகிறது. அரசனின் சிறு பணியாளரையும் இகழக் கூடாது என்பதற்கு அது எருதிடம் சொல்லும் உட்கதை கவனத்துக்குரியது: தந்திலன் என்ற செல்வாக்குள்ள வணிகன், அரண்மனையைப் பெருக்கும் ஒருவனைத் திருமண விருந்திலிருந்து கழுத்தைப் பிடித்து வெளியேற்றுகிறான், அந்தப் பணியாளன் அரசன் அரைத்தூக்கத்தில் இருக்கும்போது உளறுவதுபோல் ஒரு பழியைச் சொல்ல, வணிகனின் செல்வாக்கு ஒரே நாளில் சரிகிறது, வணிகன் அவனைச் சமாதானப்படுத்திய பிறகு இன்னோர் உளறலில் அது மீள்கிறது. தான் என்ன செய்யக்கூடியவன் என்பதைத் தமனகன் எருதிடம் முதல் நாளே சொல்லிவிட்டது. எருது அதை ஒரு கதையாக மட்டும் கேட்டுக்கொண்டது.

ஆக, சிங்கமும் எருதும் ஒருவரை ஒருவர் அறிந்தது நரியின் வாய்வழியாக. அவர்கள் பிறகு நெருங்கிப் பழகினார்கள் என்பது உண்மை. சஞ்சீவகன் கற்ற சாத்திரங்களைச் சிங்கத்துக்குச் சொல்லிக்கொடுத்தது, காட்டு வழக்கத்தைக் கைவிடச் செய்து ஊர் வழக்கத்தைப் பழக்கியது என்கிறது நூல். என்றாலும் அந்த நட்பின் அடித்தளத்தில் வேறொருவரின் சொல் இருந்தது.

இந்த இடத்தில் கதை செய்யும் நேர்மையான காரியம் ஒன்றைப் பெரும்பாலான சுருக்கங்கள் விட்டுவிடுகின்றன. அந்த இருவரின் இன்பமான உரையாடலுக்கு வெளியே ஒரு காடே பசித்துக் கிடந்தது. சிங்கமும் எருதும் தனிமையில் பேசிக்கொண்டிருந்தன. மற்ற விலங்குகள் எட்ட நிறுத்தப்பட்டன. சிங்கம் வேட்டைக்குப் போவது குறைந்தது. அதன் மிச்சத்தை நம்பியிருந்த பரிவாரங்கள் உணவின்றித் திசைக்கொன்றாகப் பிரிந்தன. இழந்த இணக்கம் என்று நாம் வருந்தும்போது, அது யாருடைய இணக்கம் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது. எருது புல் தின்னும். சிங்கத்தின் அவையோ இறைச்சியால் வாழ்வது. சிங்கத்தை நல்லவனாக்கிய அதே நட்பு, அதை அண்டி வாழ்ந்தவர்களின் வயிற்றில் அடித்தது. தமனகனின் வஞ்சகத்தை இது நியாயப்படுத்திவிடாது. ஆனால் அந்த வஞ்சகம் வேர்விடுவதற்கான ஈரம் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டுகிறது. பசித்த அவையைப் பற்றிச் சிங்கத்திடம் வெளிப்படையாகச் சொல்ல ஒரு வழி இருந்திருந்தால், நரி வேறு வழியைத் தேடியிருக்க வேண்டியதில்லை. கரடகன் கடைசியில் தமனகனைக் கண்டிக்கும்போது இதைத்தான் குறிப்பிடுகிறது: சாம, தான, பேத, தண்டம் என்ற நான்கில் இன்சொல்லாகிய சாமத்தை முதலில் முயலாமல், பிரித்தலாகிய பேதத்தில் இறங்கியவன் அமைச்சனாகத் தகுதியற்றவன் என்பது அதன் வாதம்.

பேதத்தை நரி செய்த முறை, இந்திய இலக்கியத்தில் நான் படித்த சூழ்ச்சிகளில் மிக நுட்பமானது. சிங்கத்திடம் சென்று, எருது உன்னைக் கொன்று அரசாள எண்ணுகிறது என்றது. பிங்கலகன் உடனே நம்பிவிடவில்லை. அவையில் எல்லோரும் அறிய அபயம் கொடுத்தவனுக்கு நானே தீங்கு செய்வதா என்று தயங்கியது. நச்சு மரமே ஆனாலும் தானே வளர்த்ததைத் தானே வெட்டுவது தகாது என்றது. இந்தத் தயக்கத்தை உடைக்க நரி ஆதாரம் எதையும் காட்டவில்லை, ஓர் அடையாளத்தைச் சொல்லிக்கொடுத்தது. எருது வழக்கமான பணிவோடு வராமல், கொம்பைத் தாழ்த்தி, நாற்புறமும் மிரண்டு பார்த்துக்கொண்டு வருமானால் அதன் உள்ளத்தைப் புரிந்துகொள் என்றது. அங்கிருந்து நேரே எருதிடம் சென்று, சிங்கம் உன்னைக் கொன்று பரிவாரங்களுக்கு விருந்தாக்கப் போகிறது என்றது. அதற்கும் ஓர் அடையாளம்: கண் சிவந்து, புருவம் நெறித்து, கடைவாயை நக்கிக்கொண்டு சிங்கம் உன்னைப் பார்த்தால் தெரிந்துகொள்.

இப்போது இருவரையும் சந்திக்க வைத்தால் போதும். உயிருக்கு அஞ்சிய எருது மிரண்டு பார்க்காமல் எப்படி வரும்? எச்சரிக்கையாகிவிட்ட சிங்கம் சினக்குறி காட்டாமல் எப்படி நிற்கும்? நரி முன்னுரைத்த அடையாளங்கள் இரண்டும் தோன்றின. நரியின் சொல்லே அவற்றைத் தோற்றுவித்தது. ஒவ்வொன்றும் மற்றதன் அச்சத்தைப் பகையாகப் படித்தது. பொய்யை மெய்யாக்கும் வேலையைப் பாதிக்கப்பட்ட இருவரிடமே விட்டுவிட்டு, நரி ஒதுங்கி நின்று பார்த்தது. இதே தந்திரத்தில் வரும் சிறு முயலின் கதையில், கிணற்று நீரில் தன் நிழலையே எதிரி என்று எண்ணிப் பாய்ந்து ஒரு சிங்கம் மாள்கிறது. அந்தக் கதையைச் சொன்னதும் தமனகன்தான். பிங்கலகன் பாய்ந்ததும் அப்படி ஒரு நிழலின் மேல்தான்.

சஞ்சீவகன் அறியாமையால் மாண்டது என்றும் சொல்ல முடியாது. நரியின் சொல்லைக் கேட்டவுடன் எருது தானே ஒரு கதையை நினைவுகூர்கிறது: வணிகக் கூட்டத்திலிருந்து பிரிந்துவந்த ஒட்டகத்துக்கு ஒரு சிங்கம் அபயம் கொடுக்கிறது; சிங்கம் காயம்பட்டு வேட்டையாட முடியாமல் போனபோது, காகமும் நரியும் சிறுத்தையும் ஒவ்வொன்றாக "என்னைத் தின்னுங்கள்" என்று முன்வந்து நாடகமாடுகின்றன; அவற்றையெல்லாம் சிங்கம் மறுத்ததைப் பார்த்து ஒட்டகமும் அப்படியே சொல்ல, அதை மட்டும் கிழித்துத் தின்றுவிடுகிறார்கள். வணிகனால் விடப்பட்ட விலங்கு, சிங்கத்தின் அபயம், பசித்த பரிவாரம் என்ற எல்லாமே தன் வாழ்க்கையாக இருக்கக் கண்டும், எருது நரியின் சொல்லைச் சந்தேகிக்கவில்லை; சிங்கத்தைச் சந்தேகித்தது. "அரசன் நல்லவன்தான், அவனைச் சுற்றியிருப்பவர்கள் கெட்டவர்கள்" என்று சரியாகவே சொன்ன எருதுக்கு, அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தன் எதிரில் நிற்பவன் யார் என்று தோன்றவில்லை.

தெரிந்து தெளிதல் அதிகாரத்தின் கடைசிக் குறள் இரண்டு பிழைகளை ஒரே மூச்சில் சொல்கிறது: ஆராயாமல் ஒருவனை நம்புவது, நம்பியபின் அவனிடம் ஐயம் கொள்வது. பிங்கலகன் முதற்பிழையை நரியிடமும் இரண்டாம் பிழையை எருதிடமும் செய்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால்தான் விளைவு அவ்வளவு கொடிதாயிற்று.

இக்கதையைவிடப் பழையதோ, இதனோடு பொது மூலம் கொண்டதோ ஆகிய ஒரு வடிவம், புத்தரின் முற்பிறவிக் கதைகளாகிய பாலி ஜாதகத் தொகுப்பில் 349-ஆம் கதையாக இருக்கிறது. அதன் பெயரே சந்திபேத ஜாதகம். அங்கு சிங்கமும் எருதும் தாய்மார் காலத்திலிருந்தே உறவாக வளர்ந்தவை. காட்டில் திரியும் ஒருவன் அந்த விந்தையைக் காசி அரசனிடம் சொல்கிறான். மூன்றாவதாக ஒரு விலங்கு அவற்றோடு சேர்ந்தால் உடனே எனக்குத் தெரிவி என்கிறான் அரசன். நரி சேர்கிறது. எத்தனையோ இறைச்சியைத் தின்றிருக்கிறேன், சிங்கத்தின் இறைச்சியும் எருதின் இறைச்சியும்தான் பாக்கி என்று எண்ணி அது மூட்டிவிடுகிறது. அரசன் தேரில் வந்து பார்க்கும்போது இரண்டும் மடிந்து கிடக்க, நரி தின்றுகொண்டிருக்கிறது. பெண்ணிலும் இவற்றுக்குள் போட்டியில்லை, உணவிலும் போட்டியில்லை. இருந்தும் கோள்சொல் கூர்வாள் போல இவற்றின் சதையில் இறங்கியதைப் பார் என்று தேரோட்டியிடம் அரசன் சொல்கிறான்.

ஜாதகத்தில் நரிக்கு வேண்டியது இறைச்சி. பஞ்சதந்திரத்தில் அதற்கு வேண்டியது பதவி. ஒரு வயிற்றுப் பசியின் கதை அரசியல் கதையாக மாறிய தூரம் இதுதான். பசி தீர்ந்தால் ஜாதக நரி போய்விடும். தமனகனோ சிங்கம் உயிரோடு இருக்க வேண்டும் என்று விரும்புகிறது, ஏனெனில் அமைச்சனாக இருக்க ஓர் அரசன் தேவை.

அதே ஜாதகத் தொகுப்பின் 361-ஆம் கதை இன்னும் முக்கியமானது. அங்கே நண்பர்கள் சிங்கமும் புலியும். நரி அதே வேலையைத் தொடங்குகிறது: உன்னைவிட உருவத்திலும் வலிமையிலும் தான் மேல் என்று மற்றவன் சொல்கிறான் என்று மூட்டிவிடுகிறது. ஆனால் இங்கே ஒன்று மற்றொன்றிடம் நேராகப் போய், நீ இப்படிச் சொன்னாயா என்று கேட்டுவிடுகிறது. இல்லை என்ற பதில் வருகிறது. நரி ஓடிவிடுகிறது, நட்பு நிலைக்கிறது, கதை முடிந்துவிடுகிறது. மிகச் சிறிய கதை அது. மித்திரபேதத்தில் நூற்றுக்கணக்கான செய்யுள்களும் அடுக்கடுக்கான உட்கதைகளும் புரண்டோடியும் நிகழாத ஒன்று, அங்கே ஒரு வரியில் நிகழ்கிறது. பிங்கலகனும் சஞ்சீவகனும் அன்றாடம் தனிமையில் பேசிக் களித்தவர்கள். அந்த ஒரு நாளில் மட்டும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அரசன் கேட்டால் அவன் பயம் வெளிப்படும். எருது கேட்டால் அரசன்மேல் ஐயம் கொண்ட குற்றம் அதைச் சேரும். சமமான இருவரிடையே எளிதாக இருந்த கேள்வி, அரசனுக்கும் அவனை அண்டியவனுக்கும் நடுவே அடைபட்டுப் போயிற்று.

இந்தக் கதை இந்தியாவைக் கடந்தபோது நடந்ததும் சுவையானது. பாரசீகத்தை 531 முதல் 579 வரை ஆண்ட குசுரு அனுஷிர்வானின் மருத்துவர் புர்சோய் இதைப் பகலவி என்ற பழைய பாரசீக மொழிக்குக் கொண்டுசென்றார், அந்தப் பெயர்ப்பு மறைந்துபோயிற்று. அதிலிருந்து சிரியாக் மொழிக்கு ஒரு பெயர்ப்பும், எட்டாம் நூற்றாண்டின் நடுவில் இபின் அல் முகஃபா செய்த அரபுப் பெயர்ப்பும் எழுந்தன. கரடகனும் தமனகனும் அங்கே கலீலா, திம்னா ஆனார்கள். நூலின் பெயரே அவர்கள் பெயரானது. அரபு வழியாக எபிரேயம், இலத்தீன், ஜெர்மன், இத்தாலியம் எனப் பரவி, 1570-இல் தாமஸ் நார்த்தின் கையால் ஆங்கிலத்தையும் அடைந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வடிவங்கள் என்று அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

சமஸ்கிருத வடிவங்களில் எருது மாண்டபின் சிங்கம் இரத்தம் தோய்ந்த நகங்களோடு நின்று, என்ன பாவம் செய்துவிட்டேன் என்று அழுகிறது. தமனகன் அரசர்க்கு இரக்கம் ஆகாது என்று தேற்றுகிறது. பிங்கலகன் அதையே அமைச்சனாக வைத்துக்கொண்டு அரசாள்கிறது. அவ்வளவுதான். இபின் அல் முகஃபாவுக்கு இது போதவில்லை. அவருடைய நூலில் ஓர் அத்தியாயம் முழுவதும் திம்னாவின் வழக்கு விசாரணையாக நீள்கிறது: சிங்கத்தின் தாய் மகனின் துயரத்தைக் கண்டு துருவுகிறாள், நரிகள் பேசிக்கொண்டதை ஒட்டுக்கேட்ட சிறுத்தை அவளிடம் உண்மையைச் சொல்கிறது, திம்னா அவையில் சொல்வன்மையோடு வாதாடுகிறது, துயரத்தால் கலீலா இறக்கிறது, இரு சாட்சிகள் கிடைத்தபின் திம்னா கொல்லப்படுகிறது. எழுதியவரோ அப்பாசிய அரசில் எழுத்தராகப் பணியாற்றியவர். கலீபா அல் மன்சூரின் காலத்தில் பசுராவில் அதன் ஆளுநரால் கொடூரமாகக் கொல்லப்பட்டார். விசாரணையும் சாட்சியும் இல்லாத அவையை உள்ளிருந்து பார்த்த ஒருவர், கதையிலாவது ஒரு நீதிமன்றத்தைக் கட்டினார் என்று எண்ணும்போது அந்த அத்தியாயம் எனக்கு வேறு கனத்தோடு ஒலிக்கிறது.

ஆனாலும் தண்டனை இல்லாத பழைய முடிவே வலிமையானது என்பேன். நரியைத் தண்டித்தால் கேட்பவன் மனம் ஆறிவிடும். பழி முழுவதும் நரியோடு போய்விடும். விஷ்ணுசர்மனின் எதிரில் அமர்ந்திருந்தவர்களோ அரச குமாரர்கள். தங்கள் அமைச்சன் எப்படிப்பட்டவன் என்பதை அறியாமலே ஆண்டுகொண்டிருக்கும் ஒரு சிங்கத்தை அவர்கள் கண்முன் அப்படியே நிறுத்தி அவர் நிறுத்திக்கொள்கிறார்.

கிழக்கே சென்ற கிளை இன்னொரு முடிவைத் தேர்ந்தது. ஜாவாவின் தந்திரி காமந்தகத்தில் எருதின் பெயர் நந்தகன், சிங்கம் சண்டபிங்கலன். அங்கே போரில் இரண்டும் மடிகின்றன. ஜாதகத்தின் பழைய முடிவு அங்கே மீண்டும் தலைகாட்டுகிறது. தமிழில் வீரமார்த்தாண்டத் தேவர் செய்யுளாகவும், சென்னைக் கல்விச் சங்கத்தில் தலைமைத் தமிழாசிரியராக இருந்த தாண்டவராய முதலியார் 1826-இல் மராத்தி வழியாக உரைநடையாகவும் பஞ்சதந்திரத்தைத் தந்தார்கள். தமிழில் அச்சேறிய தொடக்ககால உரைநடை நூல்களுள் ஒன்றாக இருந்ததால், பல தலைமுறைகள் உரைநடை வாசிக்கப் பழகியதே இந்த நரிகளோடுதான்.

நரி என்றாலே வஞ்சகம் என்ற முடிவுக்கு வந்துவிடாமலிருக்க, மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் பீஷ்மர் தருமனுக்குச் சொல்லும் புலி-நரிக் கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே நரி புலால் மறுத்த சான்றோன். புலியரசன் வேண்டி அழைத்து அமைச்சனாக்குகிறான். பழைய பணியாளர்கள் அரசனுக்குரிய இறைச்சியைத் திருடி நரியின் வீட்டில் வைத்துப் பழிசுமத்துகிறார்கள். புலி கொல்ல ஆணையிட, புலியின் தாய் குறுக்கிட்டு விசாரிக்கச் செய்து நரியைக் காப்பாற்றுகிறாள். புலி மன்னிப்புக் கேட்டும் நரி திரும்பி வர மறுக்கிறது: அவையறியப் பாராட்டிய ஒருவனை அவையறிய இழிவுபடுத்தியபின், உனக்கு என்மேலும் எனக்கு உன்மேலும் பழைய நம்பிக்கை வராது என்று விளக்கிவிட்டு, காட்டுக்குச் சென்று உண்ணாநோன்பிருந்து உயிர்விடுகிறது. விலங்குகள் இடம் மாறியிருக்கின்றன. அரசன், அவன் நம்பியவன், அவர்களுக்கு நடுவே புகுந்த சொல் என்ற அமைப்பு மட்டும் மாறவே இல்லை. உண்மை வெளிப்பட்ட பிறகும் அங்கே நட்பு திரும்பவில்லை.

மித்திரபேதத்தின் தொடக்கத்துக்கே மீண்டும் ஒருமுறை போக வேண்டும். யமுனைக் கரையில் கால் ஒடிந்து கிடந்த சஞ்சீவகனுக்குக் காவலாக வணிகன் விட்டுச்சென்ற ஆட்கள், காட்டுக்கு அஞ்சி மறுநாளே கிளம்பிவிட்டார்கள். முன்னே போயிருந்த வர்த்தமானனை எட்டிப்பிடித்து, எருது இறந்துவிட்டது, நாங்களே எரித்துவிட்டு வந்தோம் என்றார்கள். வர்த்தமானன் அந்த எருதின்மேல் உண்மையான அன்பு வைத்திருந்தவன். அந்தச் சொல்லைக் கேட்டுக் கண் கலங்கி, நன்றி மறவாமல் அதற்குரிய ஈமக்கடன்களை ஒன்று விடாமல் செய்தான். திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. அவன் கடன் கழித்துக்கொண்டிருந்த வேளையில், எருது ஆற்றங்கரையில் மெல்ல எழுந்து நின்று புல்லை மேய்ந்துகொண்டிருந்தது.